விளம்பரச் செலவும் வேட்பாளர் கணக்கும்

இந்தியாவில் தேர்தல் செலவுக்கான உச்சவரம்பு முதல் பொதுத்தேர்தலிலேயே வந்துவிட்டது. 1951-52இல் பெரும்பாலான மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 25,000 ரூபாய் வரை செலவிடலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவு வேட்பாளரைத் தனிக் கணக்கு எழுதச் சொல்கிறது. 78ஆம் பிரிவு, முடிவு வெளியான 30 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்யச் சொல்கிறது. துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 127ஏ பிரிவு.

கட்சி செய்யும் செலவு யார் கணக்கில் சேரும் என்பதில்தான் சிக்கல் எழுந்தது. 1971இல் டெல்லி சதர் தொகுதியில் அமர்நாத் சாவ்லா பெற்ற வெற்றியை எதிர்த்துக் கன்வர்லால் குப்தா வழக்குத் தொடுத்தார். வேட்பாளர் தெரிந்து ஏற்றுக்கொண்ட கட்சிச் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த வெற்றியை ரத்து செய்தது. தீர்ப்பு வந்த அதே மாதத்தில் அவசரச் சட்டம் பிறந்தது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்ற விளக்கம் 77ஆம் பிரிவில் நுழைந்தது. சட்டத்தின் நோக்கத்தையே வெறுமையாக்கிய திருத்தம் அது. உச்சவரம்பு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெயரளவில் மட்டுமே நின்றது.

1996இல் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைக் குறுக்கியது. கட்சி முறையாகக் கணக்கு வைத்து வருமான வரி அறிக்கை தாக்கல் செய்திருந்தால்தான் அதன் செலவு விலக்குப் பெறும். இல்லையென்றால் அது வேட்பாளர் செலவே. 2003இல் நாடாளுமன்றமே திருத்தம் செய்து, நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவை மட்டும் விலக்கியது.

தொலைக்காட்சி வந்தபின் விதிகளும் மாறின. ஜெமினி டிவி வழக்கில் 2004 ஏப்ரல் 13இல் பிறந்த உச்ச நீதிமன்ற ஆணையால், அரசியல் விளம்பரத்துக்கு முன்சான்றிதழ் கட்டாயமானது. தயாரிப்புக்கும் ஒளிபரப்புக்கும் எவ்வளவு ஆகிறது, யாருக்காக என்பதையெல்லாம் விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். காசு கொடுத்துச் செய்தி போல விளம்பரம் வெளியிடுவதும் பிடிபட்டது: கட்டணச் செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் பிசவுலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 2013இல் சமூக ஊடக விளம்பரச் செலவையும் கணக்கில் சேர்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது.

இன்று பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கான வரம்பு 95 லட்சம் ரூபாய். மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாளில், சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளில் கட்சிகளும் கணக்குத் தர வேண்டும். ஆனால் கட்சியின் பொதுவான விளம்பரத்துக்கு உச்சவரம்பு இன்றுவரை இல்லை. நாடாளுமன்றம் அதை விதிக்காதவரை வேட்பாளர் காட்டும் கணக்கு தேர்தல் செலவின் ஒரு பகுதிக் கணக்கே.