கோவூரின் லட்ச ரூபாய்ச் சவால்

ஆபிரகாம் கோவூர் 1898 ஏப்ரல் 10 அன்று கேரளத்தின் திருவல்லாவில், மார்த்தோமா திருச்சபைக் குரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தா வங்கவாசி கல்லூரியில் படித்தார். உடன்பிறந்த பெஹனனும் அங்கேதான் படித்தார்; பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளராகி, யோகப் பயிற்சியைச் சோதனைக்கு உட்படுத்தி 1937-இல் நூல் எழுதினார்.

கல்கத்தாவிலிருந்து வருகிறவர்களிடம் ஊரார் கங்கை நீர் கேட்பது வழக்கம். கோவூர் வழியில் ரயில் நிலையக் குழாயில் பிடித்த தண்ணீரைக் கொடுத்தார். அதைக் குடித்த சிலர் நோய் தணிந்தது என்றார்கள். குணம் தந்தது தண்ணீரல்ல, அதன் மேல் வைத்த நம்பிக்கை என்பது அவருக்குப் புரிந்தது. பிற்கால ஆய்வுக்கெல்லாம் வித்து இதுவே.

1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராகப் போனவர், 1959-இல் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை ஹிப்னாடிசம் மூலம் பேசவைத்தார். கல் விழும் வீடுகளில் வீட்டார் ஒவ்வொருவரையும் விசாரித்தார். பெரும்பாலும் வெளிப்பட்டது மனநோய், அல்லது வீட்டுக்குள்ளேயே ஒருவரின் குறும்பு. இவை அவரே எழுதிவைத்த குறிப்புகள், பிறர் சரிபார்த்தவை அல்ல. அவற்றில் ஒன்றைத் தழுவிய மலையாளப் படம் 1973-இல் தமிழில் 'மறுபிறவி' ஆனது.

அறிவியல் நோக்கில் அதிக வலுவுள்ளது 1963-இல் அவர் விடுத்த சவால். ஏமாற்ற இடமில்லாத சூழலில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு லட்சம் இலங்கை ரூபாய் பரிசு. போட்டியிடுவோர் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். உறையிட்டு மூடிய நோட்டின் எண்ணைப் படித்தல், துண்டான கை காலை ஓர் அங்குலமாவது வளரச் செய்தல் எனப் பல நிபந்தனைகள். ஒவ்வொன்றிலும் அவரது கூர்மை தெரிகிறது. எடுத்துக்காட்டாக, மதுரை வட்டாரத்து அம்மன் கோயில்களில் பூக்குழி என்னும் தீக்குழியில் இறங்குவோர் பெரும்பாலும் காயமின்றிக் கடந்துவிடுகிறார்கள். கரிக்கங்கு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் அதில் படுவதோ ஒரு நொடிக்கும் குறைவு. ஆகவே நடக்கச் சொல்லவில்லை கோவூர். கங்கின் மேல் அசையாமல் அரை நிமிடம் நிற்கச் சொன்னார்.

சோதிடர்களுக்குப் பத்து ஜாதகங்கள். எது ஆண், எது பெண், யார் உயிரோடிருக்கிறார், யார் இல்லை என்று சொன்னால் போதும். நூற்றுக்கு ஐந்து பிழை பொறுக்கப்படும். பொதுவான பேச்சுக்கு இங்கே வழியில்லை. அந்தப் பேச்சின் பலத்தை அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-இல் அளந்திருந்தார். சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே பலனை 39 மாணவர்களுக்கும் தனித்தனிக் கணிப்பு என்று கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. இளமையில் கைரேகை பார்த்துச் சம்பாதித்த ரே ஹைமன், ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் அதையும் அப்படியே ஏற்றார்கள். அந்த வியப்பே அவரை உளவியல் பேராசிரியராக்கியது. உடுக்கையடித்துக் குறி சொல்லும் கோடாங்கியின் முன்னும் சொல்லை வாழ்க்கையோடு பொருத்திக்கொள்ளும் பாதி வேலையைச் செய்வது கேட்க வந்தவரின் மனமே.

கோவூர் 1978 செப்டம்பர் 18 அன்று காலமானார். உடலை மருத்துவக் கல்விக்கும், எலும்புக்கூட்டைத் தர்ஸ்டன் கல்லூரிக்கும் எழுதிவைத்திருந்தார். சவாலைக் கோவை போத்தனூரிலிருந்து பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் தொடர்ந்தார். 2009-இல் அவர் இறக்கும்வரை பரிசுப் பணம் யாருக்கும் போகவில்லை.