மீண்டவர் அவர்தாமோ? – மேல்கோட்டை மரபும் உயிர்த்தெழுதல் பற்றிய ஐயமும்

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், இன்றைய மாண்டியா மாவட்டத்தில் அமைந்துள்ள மேல்கோட்டை, வைணவ மரபில் திருநாராயணபுரம் எனவும் யாதவகிரி எனவும் வழங்கப்பெறும். கன்னட நாட்டின் நடுவே தமிழ் ஓதப்படும் ஊர் இது. இங்குள்ள திருநாராயணர் கோயிலில் பெருமாளின் திருவடிக்கருகே ஒரு பெண்ணின் சிறு வடிவம் உள்ளது. பீபி நாச்சியார் என்பர். டில்லி அரசனின் மகள் என்பது தலவரலாறு. மறைந்துபோன திருமேனி மீண்டு வந்த கதையின் சாட்சியாக அவ்வடிவம் அங்கு இருக்கிறது. இக்கதையை வரலாறாகக் கொள்ளலாமா என்னும் வினா ஓர் நூற்றாண்டுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அவ்வினாவை, இயேசுவின் உயிர்த்தெழுதல் பற்றிக் கிறித்தவத்திற்குள் எழுந்த ஐயத்தோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் சற்றுத் தெளிவுபெறும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஒப்பீட்டிற்கு ஓர் எல்லை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. மேல்கோட்டையில் இறப்பு இல்லை. அர்ச்சாவதாரக் கொள்கைப்படி இறைவன் திருமேனியில் முழுமையாக எழுந்தருளியிருக்கிறான். திருமேனி மண்ணுள் மறைவதும் பிறர் கைப்படுவதும் மறைவும் சிறையுமே அன்றி மரணம் அல்ல. எருசலேமில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதோ இறந்து அடக்கம் செய்யப்பட்டவர் எழுந்தமை. இவை ஒன்றல்ல. ஆயினும் மீண்டபின் எழும் கேள்வி இரண்டிடத்தும் ஒன்றே: வந்தவர் முன்பு இருந்தவர்தாமோ? அதை யார், எதைக் கொண்டு அறிந்தனர்?

தலவரலாறும் காலக்கணக்கும்

சோழ நாட்டில் துன்பம் நேர்ந்தபோது இராமானுசர் ஒய்சள நாட்டிற்குப் பெயர்ந்தார் என்பதும், கூரத்தாழ்வான் கண்ணிழந்தார் என்பதும் குருபரம்பரை நூல்கள் ஒருமுகமாகக் கூறுவன. திருமண் தீர்ந்துபோக, அது கிடைக்கும் இடத்தைத் தேடியவருக்குக் கனவில் யாதவகிரி காட்டப்பட்டது. துளசிக் காட்டை அகற்றிப் புற்றை அகழ்ந்தபோது மூலவர் வெளிப்பட்டார். உற்சவரைக் காணவில்லை. அவர் டில்லியில் இருப்பது மற்றொரு கனவில் தெரிந்தது. இராமானுசர் டில்லிக்குச் சென்றார். கொள்ளைப் பொருள்களிடையே காட்டப்பட்ட திருமேனிகளுள் அவர் தேடியது இல்லை. அரசன் மகளின் அறையில் அது இருந்தது. அவர் மகனை அழைப்பதுபோல் அழைக்க, அது நடந்து வந்து மடியில் அமர்ந்தது. செல்வப்பிள்ளை என்ற பெயர் அவ்வழைப்பால் வந்தது என்பர். திரும்பும் வழியில் உடனிருந்து காத்தவர்கள் தீண்டாதாராக வைக்கப்பட்டிருந்த மக்கள். அவர்களுக்கு இராமானுசர் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டில் சில நாட்கள் கோயிலுக்குள் வரும் உரிமையை அளித்தார்.

ஐயங்கள் வெளிப்படையானவை. திருநாராயணர் மறுபடி எழுந்தருளியது வெகுதானிய ஆண்டு, தை மாதம், புனர்பூச நாள் என்பது மரபு. அவ்வெகுதானிய ஆண்டு கி.பி. 1098–99 ஆகும். விட்டுணுவர்த்தனன் அரியணை ஏறியது ஏறத்தாழ 1108இல். இராமானுசரின் வாழ்நாளை மரபு 1017 முதல் 1137 வரை எனக் கொள்கிறது. டில்லியில் சுல்தானிய ஆட்சி நிலைபெற்றதோ 1206இல். ஆகவே இராமானுசர் டில்லிச் சுல்தானைக் கண்டிருக்க இயலாது. விட்டுணுவர்த்தனன் சமணத்தை விட்டு வைணவனானான் என்னும் செய்திக்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. 1117இல் பேலூரில் திருமால் கோயிலை எழுப்பிய அவனே, 1133இல் அளேபீட்டில் எழுந்த பார்சுவநாதர் பசதியின் பிரசாதத்தை மகிழ்வோடு ஏற்று, அத்தெய்வத்திற்கு விசய பார்சுவர் என்று பெயரிட்டான். அவன் அரசி சாந்தலை சமணத்திலேயே நின்றாள்.

இவற்றைக் கொண்டு தலவரலாறு முழுவதையும் புனைவு எனத் தள்ளுவோர் உளர். தள்ளுவது எளிது. அதனால் அறியக் கிடைப்பது குறைவு. டில்லி எந்தக் காலத்தின் சொல் என்று கேட்பதே பயன் தரும். மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்திற்கு வந்தது 1311இல். டில்லி என்னும் பெயர் தென்னாட்டுக் கோயில்களுக்கு அச்சம் தந்த பெயராக மாறியது அதன் பின்னரே. எனவே 12ஆம் நூற்றாண்டின் புலப்பெயர்ச்சி நினைவு ஒன்றின்மீது 14ஆம் நூற்றாண்டின் இழப்பு நினைவு படிந்துள்ளது எனக் கொள்வது பொருந்தும்.

ஈரங்கொல்லியின் சாட்சி

அவ்விழப்பின் பெருநிகழ்வு திருவரங்கத்தில் நேர்ந்தது. மேல்கோட்டை அதில் இடைவழித் தங்கலாக வருகிறது. 1323இல் உலூக்கானின் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் உள்ளிட்டோர் அழகிய மணவாளரைத் தெற்கே கொண்டு சென்றனர். லோகாசாரியர் சோதிசுக்குடியில் மறைந்தார். திருமேனி மலையாள நாடு சென்று, திருநாராயணபுரத்தில் தங்கி, பின் திருமலையை அடைந்தது. வேதாந்த தேசிகர் திருவரங்கத்தில் பிணங்களிடையே பிணம்போல் கிடந்து, சுருதப்பிரகாசிகை ஏட்டையும் அதன் ஆசிரியரின் மைந்தரையும் காத்து, ஒய்சள நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதும் மரபுச் செய்தியே.

திருமேனி திரும்பியது 1371இல். இதற்குக் கல்வெட்டுச் சான்று உள்ளது. விசயநகரத் தலைவன் கோபணன் அரங்கனை அஞ்சனாத்திரியிலிருந்து கொணர்ந்து, செஞ்சியில் சிலகாலம் வைத்திருந்து, துலுக்கரை வென்று, திருமகளோடும் நிலமகளோடும் மறுபடி எழுந்தருளச் செய்தான் என்பதைத் திருவரங்கத்திலுள்ள சமசுகிருத மொழிக் கல்வெட்டு கூறுகிறது. இரண்டு பாடல்களே, அதற்குமேல் விரிவில்லை. எவ்வித ஐயமும் அதில் குறிக்கப்படவில்லை.

ஐயத்தைச் சொல்வது கோயிலொழுகு. பல காலங்களில் எழுதிச் சேர்க்கப்பட்டு, வி.என். அரிராவ் 1961இல் ஆங்கிலத்தில் பெயர்த்த அந்நூல் கூறுவது இது. அரங்கர் இல்லாத நாளில் வேறொரு திருமேனி அமைத்து வழிபடப்பட்டது. பழையவர் திரும்பியபோது அவரை அறிந்தவர் யாரும் எஞ்சவில்லை. எவர் பழையவர் என்னும் வழக்கு எழுந்தது. மிக முதிர்ந்த, கண்ணொளி இழந்த ஈரங்கொல்லி ஒருவர், முன்பு பெருமாளின் ஆடையை வெளுத்தவர், முன்வந்தார். இரு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த ஆடையின் நீரைத் தமக்குத் தருமாறு வேண்டினார். ஒன்றன் நீரில் பழைய மணம் இருந்தது. அவரே நம்பெருமாள் என்றார். அச்சொல்லே திருப்பெயராயிற்று.

கல்வெட்டு முந்தியது, சுருக்கமானது, படைத்தலைவனைப் பற்றியது. ஒழுகின் கதை பிந்தியது, விரிவானது, வண்ணாரைப் பற்றியது. பிந்தியது என்பதால் அதை ஒதுக்கிவிடலாமா? வெற்றியைப் பாட வந்த கல்வெட்டுக்கு ஐயத்தைச் சொல்லவேண்டிய தேவை இல்லை. நம்பிக்கையை வளர்க்கவந்த கோயில் நூலுக்கும் அத்தேவை இல்லை. இருந்தும் அந்நூல் அதைச் சொல்கிறது. உண்மையில் ஒரு வழக்கு நிகழ்ந்திராவிடின் இத்தகைய கதை தோன்றக் காரணம் காண்பது அரிது. மணம் பற்றிய பகுதிக்கு வரலாற்றாசிரியன் பொறுப்பேற்க முடியாது. வழக்கு நிகழ்ந்தமைக்குப் பெரும்பாலும் பொறுப்பேற்கலாம்.

எருசலேமில் தோன்றிய ஐயம்

இதே அடுக்குமுறை புதிய ஏற்பாட்டிலும் காணப்படுகிறது. உயிர்த்தெழுதலுக்கான மிகப் பழைய எழுத்துச் சான்று பவுலடியார் ஏறத்தாழ கி.பி. 55இல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் கடிதம். தாம் பெற்றதையே ஒப்படைப்பதாகக் கூறி, இயேசு யார் யார்க்குத் தோன்றினார் என்று பெயர்களை அடுக்குகிறார். வெறுங்கல்லறைக் காட்சியும் பெண்களும் அதில் இல்லை. விரிவான கதைகள் நற்செய்தி நூல்களில் வருகின்றன. அவற்றுள் முந்தியதாகக் கருதப்படும் மாற்கு ஏறத்தாழ கி.பி. 70ஐச் சார்ந்தது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் படிகளில் அந்நூல் கல்லறையிலிருந்து பெண்கள் அஞ்சி ஓடி, யாரிடமும் ஒன்றும் சொல்லாதிருந்ததோடு முடிந்துவிடுகிறது. காட்சிகளைக் கூறும் இறுதி வசனங்கள் பின்னர்ச் சேர்ந்தவை என்பது பெரும்பான்மை அறிஞர் முடிவு. சீடர்கள் உடலைத் திருடினர் என்னும் பேச்சு மக்களிடையே இருந்தது என்பதை மத்தேயுவே பதிவு செய்கிறார். மலையில் இயேசுவைக் கண்டவர்களுள் சிலர் ஐயுற்றதையும் அவர் மறைக்கவில்லை.

யோவான் நூல் இருவகை அறிதலை அடுத்தடுத்து வைக்கிறது. மகதலா மரியா வந்தவரைத் தோட்டக்காரர் என்று எண்ணுகிறார். தம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும் அறிகிறார். தோமாவோ காயத்தைத் தொடாமல் நம்பமாட்டேன் என்கிறார். அவர் தொட்டார் என்று நூல் கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது; தொட அழைக்கப்படுகிறார், உடனே அறிக்கையிடுகிறார். தொட்டதாகக் காட்டியவர்கள் பிற்கால ஓவியர்கள். தோமா கேட்டது உயிரோடு ஒருவர் இருக்கிறாரா என்பதை மட்டுமன்று. சிலுவையில் அறையப்பட்டவரே இவர் என்பதற்கு அடையாளம் கேட்டார். திருவரங்கத்து ஈரங்கொல்லி நுகர்ந்தது அத்தகைய அடையாளத்தையே. மேல்கோட்டையில் அழைப்பு எதிர்த்திசையில் செல்கிறது. மரியா கதையில் மீண்டவர் அழைக்கிறார். செல்வப்பிள்ளை கதையில் தேடிச் சென்றவர் அழைக்க, மறைந்திருந்தவர் தம்மை வெளிப்படுத்துகிறார். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கொள்ளச் சான்று எதுவும் இல்லை. அவ்வாறு கூறுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று.

சாட்சிகள் யார் என்பதிலும் ஓர் ஒப்புமை தென்படுகிறது. கி.பி. 178 அளவில் கிறித்தவத்தை மறுத்து எழுதிய கெல்சசு, உயிர்த்தெழுந்தவரைக் கண்டது பித்தேறிய ஒரு பெண் என்று ஏளனம் செய்தான். ஒரிகன் 248 அளவில் விடையிறுத்தார். பெண்ணின் சாட்சியத்திற்கு மதிப்புக் குறைவாக இருந்த சூழலில் கதை புனைவோர் பெண்களை முதற் சாட்சிகளாக்கியிரார் என்பது இக்கால அறிஞர் பலர் முன்வைக்கும் வாதம். முழு மெய்ப்பிப்பாகாவிடினும் எடையுள்ள வாதமே. தமிழ்நாட்டு, கன்னட நாட்டுக் கதைகளில் சாட்சியர் ஒரு வண்ணார், ஒரு துலுக்கப் பெண், திருக்குலத்தார். பட்டரும் தானத்தாரும் அறிய முடியாததை இவர்களே அறிந்தனர் என்று கோயில் மரபே ஒப்புக்கொள்கிறது.

ஐயத்தால் இழப்பது யார்?

ஐரோப்பாவில் ரெய்மாரசின் கையெழுத்துப் படிகளை லெசிங் 1774 முதல் 1778 வரை வெளியிட்டபோது, மத்தேயு குறித்த அந்தப் பழைய திருட்டுக் குற்றச்சாட்டு ஆய்வு வடிவில் திரும்ப எழுந்தது. 1835இல் சுட்ராவுசு திருட்டும் வேண்டாம், அற்புதமும் வேண்டாம், நம்பிக்கையே கதையை உருவாக்கிற்று என்றார். கிறித்தவத்திற்கு இவை உயிர்நிலையைத் தொடும் வினாக்கள். கிறித்து எழவில்லையெனில் தம் போதனையும் கேட்போர் நம்பிக்கையும் வீண் என்று பவுலடியாரே பந்தயம் வைத்துவிட்டார். வைணவத்தில் எவரும் அத்தகைய பந்தயம் வைக்கவில்லை. டில்லிப் பயணம் நிகழவில்லை என்று நாளை ஐயமற நிறுவப்பட்டாலும் சீபாடியத்தின் ஒரு வரியும் தளராது. சரணாகதிக் கொள்கை அப்படியே நிற்கும்.

ஆனால் வேறொன்று தளரக்கூடும். லூயிசு ரைசின் மைசூர் கெசட்டியர் முதலிய 19ஆம் நூற்றாண்டு நூல்கள் குறிப்பிடும் திருக்குலத்தாரின் கோயில் நுழைவுரிமை அக்கதையையே ஆவணமாகக் கொண்டிருந்தது. பிற கோயில்களின் வாயில்கள் அடைபட்டிருந்த காலத்தில் அவர்கள் கையில் இருந்த ஒரே பட்டயம் அது. கதையைப் பொய்யென்பவன் அறிந்தோ அறியாமலோ அப்பட்டயத்தையும் கிழிக்கிறான். விடுதலைக்குப்பின் சட்டம் நுழைவுரிமையை அனைவர்க்கும் பொதுவாக்கியதால் இன்று அக்கதையை அச்சமின்றி ஆராய முடிகிறது. காலக்கணக்கைக் கொண்டு தலவரலாற்றைத் திருத்திய பழைய ஆய்வுகளுள் பெரும்பாலானவை இப்பக்கத்தைத் தொடவில்லை என்பது ஒரு குறையே.

உடல் எங்கே என்னும் வினாவிலும் இரு மரபுகள் வேறுபடுகின்றன. எருசலேமில் நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டப்படுவது வெறுமையான கல்லறை. திருவரங்கத்தில் இராமானுசரின் உடலே அமர்ந்துள்ளதாக நம்பப்படும் தானான திருமேனி வணங்கப்படுகிறது. மேல்கோட்டையில் பிரிவாற்றாத அடியார் அமைத்த தமருகந்த திருமேனி. தோமாவின் நிலையோ இரண்டிற்கும் இடைப்பட்டது. அவர் கல்லறை எனப் போற்றப்படுவது மயிலாப்பூரில் உள்ளது. போர்த்துகீசியர் 1523இல் அதை அகழ்ந்தனர். ஆனால் 3ஆம் நூற்றாண்டுத் தோமாவின் பணிகள் என்னும் நூல், அரசன் கல்லறையைத் திறந்தபோது எலும்புகள் அங்கில்லை என்றும், அவை முன்னரே மேற்கே கொண்டுசெல்லப்பட்டன என்றும் கூறுகிறது. அடையாளம் கேட்டவரின் அடையாளமே வழக்கிற்குரியதாயிற்று.

இத்தகைய வழக்குகளை மரபுகள் எவ்வாறு முடித்தன என்பதும் நோக்கத்தக்கது. ஏறத்தாழ கி.பி. 170இல் தாத்தியான் நான்கு நற்செய்திகளையும் இணைத்து முரணற்ற ஒரே நூலாக்கினார். சிரியத் திருச்சபை அதை நெடுங்காலம் ஓதிற்று. 5ஆம் நூற்றாண்டில் அதை விலக்கி, கல்லறையில் நின்றவர் ஒருவரா இருவரா என்பதில்கூட ஒத்துப்போகாத நான்கையும் அப்படியே ஏற்றது. திருவரங்கத்திலும் வழக்கில் தோற்ற திருமேனி அகற்றப்படவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் பெயரோடு, நம்பெருமாள் எழுந்தருளியுள்ள அதே கருவறையில் அவர் இன்றும் இருக்கிறார்.