ஐரிஷ் மொழி கற்போருக்கு உதவும் அகராதிகளும் உச்சரிப்புத் தளங்களும்

மருத்துவம் படிக்க அயர்லாந்து செல்லும் மலேசிய மாணவர்கள் பல ஆண்டுகளாகவே உண்டு. அங்குப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஐரிஷ் தெரியாமலே படித்து முடித்துவிடலாம். ஆனாலும் சாலைப் பலகையிலும் நோயாளியின் பெயரிலும் அம்மொழி எதிர்ப்படும். சில கழிப்பறைக் கதவுகளில் 'ஃபிர்' என்றிருந்தால் ஆண்கள், 'ம்னா' என்றிருந்தால் பெண்கள். 'எம்' எழுத்தைப் பார்த்துவிட்டு நுழையும் ஆண்கள் வெட்கப்பட வேண்டிவரும்.

எழுத்தும் ஒலியும்

ஐரிஷ் மொழி ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டாலும் ஆங்கிலம்போல் ஒலிக்காது. உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் அது நெடில். இந்தக் கோட்டை விட்டுவிட்டால் பொருளே மாறும். கோடில்லாத 'ஃபார்' ஆண். கோடுள்ள 'ஃபேர்' புல்.

சொல்லின் முதலெழுத்தும் மாறும். படகு 'பாட்'. என் படகு 'மோ வாட்'. எங்கள் படகு 'ஆர் மாட்'. எனவே அச்சு அகராதியில் 'மாட்' என்று தேடினால் படகு கிடைக்காது; மூலச்சொல்லின் கீழ்தான் தேட வேண்டும்.

அகராதிகள்

* தியாங்லன்: அயர்லாந்தின் மொழி அமைப்பான ஃபோரஸ் ந கேல்கெ நடத்தும் இலவசத் தளம். நியால் ஓ டோனலின் ஐரிஷ்–ஆங்கில அகராதி (1977), தோமாஸ் த வால்ட்ராஹவின் ஆங்கில–ஐரிஷ் அகராதி (1959) இரண்டும் இதில் உள்ளன. சொல்லின் இலக்கண வடிவங்களும் தனியே கிடைக்கும். முகவரியை டி-இ-ஏ-என்-ஜி-எல்-ஏ-என்-என் என்று தட்டி, பின் டாட் ஐ-இ சேர்க்க வேண்டும்.
* ஃபோக்லோர்: அதே அமைப்பு 2013-இல் இணையத்தில் தொடங்கிய புதிய ஆங்கில–ஐரிஷ் அகராதி. இன்றைய பேச்சுக்கு ஏற்ற தொடர்கள் இதில் அதிகம். இதன் சுருக்கப் பதிப்பு 2020-இல் அச்சில் வந்தது.
* தேர்மா: மருத்துவம், சட்டம், கணினி போன்ற துறைகளின் கலைச்சொற்களுக்கு.
* லோகன்ம்: ஊர்ப் பெயர்களுக்கு.

பழைய புத்தகக் கடையில் டினீன் அகராதி (1904, விரிவாக்கம் 1927) மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கநிலை மாணவர் அதை வாங்கி அவதிப்பட வேண்டாம். அதில் இருப்பது எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய வடிவம்.

காதால் கற்க

ஐரிஷில் மன்ஸ்டர், கனாக்ட், உல்ஸ்டர் என மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. 'எப்படி இருக்கிறாய்?' என்பதை மன்ஸ்டரில் 'கோனஸ் தா தூ' என்பர். கனாக்டில் அது 'கே ஹீ வில் தூ', உல்ஸ்டரில் 'காஜே மார் அதா தூ'. தியாங்லன் தளம் பல சொற்களை மூன்று வழக்கிலும் மனிதக் குரலிலேயே ஒலிக்கச் செய்கிறது. டிரினிட்டி கல்லூரியின் 'ஆபர்' தளத்தில் முழு வாக்கியத்தையே எழுதிக் கேட்கலாம். ஆனால் அது கணினிக் குரல். ஐயம் வந்தால் மனிதக் குரலோடு ஒப்பிடுவது நல்லது.

1972-இல் தொடங்கிய ராடியோ ந கேல்டாக்டா வானொலியை மலேசியாவிலிருந்தும் இணையத்தில் கேட்கலாம்.

ஏன் இந்தக் கவனம்?

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 1.87 மில்லியன் பேர் ஐரிஷ் பேச முடியும் என்றனர். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவோர் ஏறக்குறைய 72,000 பேர் மட்டுமே. பெரும்பாலோர் அதைப் பள்ளியில்தான் கற்கின்றனர். ஆங்கில ஒலியிலேயே படித்துப் பழகினால் 'போ' (பசு), 'பியோ' (உயிருள்ள) என்ற வேறுபாடுகள் மறைந்துபோகும். தாய்மொழியாகப் பேசுவோரின் குரல்பதிவுகள் அதனால்தான் முக்கியம்.

முதலில் ஒரு வழக்கைத் தேர்ந்துகொண்டு, நாளுக்கு ஐந்து சொற்களைக் கேட்டு, உரக்கச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து ஒப்பிட்டால் போதும். மூன்று வழக்கையும் ஒரே நேரத்தில் கலந்தால் நாக்கு குழம்பும்.