கம்பத்துப் பையனும் ஈய நிலமும்

மலேசியாவின் டெங்கிலை ஒட்டிய பாயா இண்டா நீர்நிலம் முன்னர் ஈயம் தோண்டப்பட்ட மண்ணாகும். அத்தகைய ஈய நிலத்துப் பிள்ளைப்பருவத்தைச் சித்திர நூலாக்கியவர், 1951இல் பேராக்கில் பிறந்து, கோலாலம்பூரில் நாளிதழ்ச் செய்தியாளராகவும் பின்னர் கேலிச்சித்திரக்காரராகவும் பணியாற்றிய லாட் என்னும் முகமது நோர் காலிட் ஆவார்.

1979இல் வெளிவந்த அவரது 'கம்போங் பாய்' (கம்பத்துப் பையன், அதாவது கிராமத்துப் பையன்) நூலில் எழுத்தும் ஓவியமும் ஒரே கையின் வேலையே. மண்வாரிக் கப்பல், அதாவது நீரில் மிதந்தபடியே மண்ணை அள்ளி ஈயத்தைப் பிரிக்கும் பெரும் பொறி, இயங்கும் இடத்தருகே சிறுவர்கள் சட்டத்துக்குப் புறம்பாக ஈயமணல் அரிப்பதும், அதையறிந்த கதைநாயகனின் தகப்பனார் மகனைத் தண்டிப்பதும் அதில் கறுப்பு மைக்கோடுகளில் விரிகின்றன. ஈப்போ விடுதிப் பள்ளிக்கு அவன் புறப்படும் வேளையில் கம்பத்து நிலத்தின்மீதே ஈயச் சுரங்கத்தாரின் கண் விழுந்திருப்பதால், சிரிப்பு மிகுந்த இந்நூலைச் சிறுவர் நூல் என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது.