லாகார்டியா கலை உயர்நிலைப் பள்ளி

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், லிங்கன் சென்டர் கலை வளாகத்தை அடுத்து அமைந்து, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பொதுக்கல்வியுடன் இசை, ஓவியம், நடனம், நாடகம் ஆகியவற்றில் தொழில்முறைப் பயிற்சியையும் கட்டணமின்றி வழங்கும் அரசுப் பள்ளி. நகரின் பிற சிறப்பு உயர்நிலைப் பள்ளிகள் எழுத்துத் தேர்வு வழியே மாணவரைச் சேர்க்க, இங்கு மட்டும் திறனறி நிகழ்வும், ஓவியப் பிரிவுக்குப் படைப்புத் தொகுப்பும் முதன்மை பெறுகின்றன.

இப்பள்ளியின் தோற்றுவாய் இரண்டு பள்ளிகள். இராணுவ இசைக்குழுத் தலைவரின் மகனான மேயர் ஃபியோரெல்லோ லாகார்டியா 1936இல் ஹார்லெமில் இசை, ஓவியப் பள்ளியை நிறுவினார். நடனம், நாடகம் போன்ற நிகழ்த்துகலைகளுக்கான பள்ளி 1940களின் பிற்பகுதியில் தொழிற்கல்விப் பள்ளியொன்றின் கிளையாகத் தோன்றி, பின்னர் 46ஆம் தெருவில் இயங்கியது. 1961இல் நிருவாக அளவில் இணைக்கப்பட்ட இவை, பொதுக் கட்டடம் இன்மையால் 1984 வரை தனித்தனியே நடந்தமையால், அந்த இணைப்பு நெடுங்காலம் பெயரளவினதே எனலாம். 1984இல் புதிய கட்டடத்தில் ஒன்றுகூடிய பள்ளிக்கு நிறுவனரின் பெயர் சூட்டப்பட்டது. 1980இல் வெளியான 'ஃபேம்' திரைப்படம் நிகழ்த்துகலைப் பள்ளியைக் களமாகக் கொண்டதாயினும், அதன் திரைக்கதையை ஏற்காத நகரக் கல்வி வாரியம் பள்ளிக்குள் படப்பிடிப்புக்கு அனுமதி மறுத்தது.