பாலைவனம் போட்ட பட்டியல்

நம் ஊரிலிருந்து லடாக், ஸ்பிதி என்று மோட்டார் சைக்கிளிலேயே போய் வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்கள் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் உயரமான கண்ணாடி, எஞ்சினுக்கு அடியில் தகடு, பக்கத்தில் இரும்புக் குழாய்க் காப்பு, கூடுதல் விளக்கு, கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் டயர். வண்டி வாங்கியதோடு செலவு முடிவதில்லை. 'இதெல்லாம் எதற்கப்பா?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால் ஒழுங்கான பதிலும் வருவதில்லை. கேள்வி நியாயமானது. பதில் சரித்திரத்தில் இருக்கிறது. அதில் பெரும் பகுதி பிரெஞ்சுக்காரர்கள் சம்பந்தப்பட்டது என்பதால், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அதைத் தேடிப் படிப்பதில் ஒரு தனி ருசி.

முதலில் டயர். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து 1888-இல் காப்புரிமை பெற்றார். அந்த டயரில் ஒரு சங்கடம் இருந்தது. அதைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். 1889-இல் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் மிஷ்லேன் சகோதரர்களின் ரப்பர்த் தொழிற்சாலைக்குப் பஞ்சரான சைக்கிளோடு ஒருவர் வந்தார். டயரைப் பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம் பிடித்தது. பசை காய ஓர் இரவு போனது. தம்பி எதுவார் மிஷ்லேன் யோசித்தார். சில நிமிடங்களில் கழற்றி மாட்டக்கூடிய டயருக்கு 1891-இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கி.மீ. சைக்கிள் பந்தயம் நடந்தது. மிஷ்லேன் டயர் போட்ட ஷார்ல் தெரோன், வழியில் பஞ்சர் ஆகியும், 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முதலாவதாக வந்தார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. தூரப் பயணத்துக்கான டயர் தரையைப் பிடித்தால் மட்டும் போதாது, ஆளில்லாத இடத்தில் ஓட்டுகிறவன் கையாலேயே கழன்று வரவும் வேண்டும். இந்தக் கணக்கு அன்றே முடிவாகிவிட்டது.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். 1977-இல் அபிஜானிலிருந்து நீஸ் வரை ஒரு பந்தயம் நடந்தது. அதில் ஓட்டிய தியெரி சபீன் என்ற பிரெஞ்சு இளைஞர் லிபியப் பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். தண்ணீரும் இல்லாமல் சாகக் கிடந்தவரைத் தேடிப் போன விமானம்தான் கண்டு மீட்டது. ஊர் திரும்பியவர் பாலைவனத்தை வெறுக்கவில்லை. மற்றவர்களையும் அங்கே கூட்டிப் போகவேண்டும் என்று நினைத்தார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸின் த்ரொகாதெரோ சதுக்கத்திலிருந்து முதல் பாரிஸ்-டக்கார் பந்தயம் புறப்பட்டது. மத்தியதரைக் கடலைத் தாண்டி, அல்ஜீரியா, நைஜர், மாலி வழியாகச் செனகலின் தலைநகர் டக்கார் வரை ஏறத்தாழ 10,000 கி.மீ. கிளம்பியவை 182 வாகனங்கள். போய்ச் சேர்ந்தவை 74. வென்றவர் சிரில் நெவே, வண்டி யமஹா எக்ஸ்.டி. 500. காரும் லாரியும் ஓடிய பந்தயத்தில் ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் முதலாவதாக வந்தது.

கடையில் வாங்கும் எக்ஸ்.டி. 500 வண்டியின் பெட்ரோல் டேங்க் 9 லிட்டர்கூடக் கொள்ளாது. சஹாராவில் அடுத்த பெட்ரோல் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கும். ஆகவே பெரிய டேங்க், பந்தயக்காரர்கள் மாட்டிய முதல் உபரிப் பொருள்களில் ஒன்றாகியது. கற்கள் எஞ்சினை உடைத்ததால் அடித்தகடு வந்தது. விழும்போது பிரேக் பிடியும் கிளட்ச் பிடியும் ஒடிந்ததால் கைக்காப்பு வந்தது. இவை எதுவும் அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நடுவழியில் நின்றுபோன ஒரு வண்டி இருக்கிறது.

இதைக் கம்பெனிகளும் கவனித்தன. 1980-இல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர் 80 ஜி/எஸ் வண்டியை வெளியிட்டது. ஜெர்மன் மொழியில் 'கெலெண்டே' என்றால் காட்டுமேடு, 'ஷ்ட்ராசே' என்றால் சாலை. இரண்டின் முதல் எழுத்துகள்தான் ஜி, எஸ். அந்த வண்டியின் வழிவந்தவற்றில் உய்பேர் ஒரியோல் 1981-லும் 1983-லும், பெல்ஜியத்தின் காஸ்தோன் ராயே 1984-லும் 1985-லும் டக்காரை வென்றார்கள். பிறகு 32 லிட்டர் டேங்கோடு 'பாரிஸ்-டக்கார்' என்ற பெயரிலேயே பி.எம்.டபிள்யூ. ஒரு வண்டி விற்றது. யமஹாவும் 30 லிட்டர் டேங்க் கொண்ட வண்டி ஒன்றை 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, நைஜரில் உள்ள தெனெரே பாலைவனத்தின் பெயரையே அதற்குச் சூட்டியது. பாலைவனத்தைக் கண்ணால் பார்க்காதவர்களும் பாலைவன வண்டி வாங்கத் தொடங்கினார்கள்.

இங்கேதான் கணக்கு கொஞ்சம் புரள்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை. 30 லிட்டர் என்றால் 22 கிலோவுக்கு மேல், அதுவும் உயரத்தில். ராயே குள்ளமான மனிதர். அவருடைய பந்தய வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. வண்டியை நகர விட்டு, ஓடும்போதே தாவி ஏறுவார். அவர் மூன்று முறை மோட்டோகிராஸ் உலக வீரர், அவருக்கு முடிந்தது. சாதாரணமாக அலுவலகம் போய்வரும் பிள்ளைக்கு, மலைப்பாதை வளைவில் சாயும் வண்டியை நிமிர்த்துவதே பெரும்பாடு.

பக்கப் பெட்டிகளின் கதை வேறு. டக்கார் பந்தயக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் அல்ல. பெரிய அணிகளுக்கு உதிரி பாகங்கள் லாரியில் வரும். பெட்டி, உலகம் சுற்றியவர்களிடமிருந்து வந்தது. பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டெட் சைமன் 1973-இல் 500 சிசி டிரையம்ப் வண்டியில் கிளம்பி நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். நம் நாட்டுக்கும் வந்தார். அவருடையது சாதாரணச் சாலை வண்டிதான். 2004-இல் நடிகர் யூவன் மெக்ரெகரும் நண்பர் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கே போய் நியூயார்க் சேர்ந்தார்கள். அவர்களுடைய பெரிய பி.எம்.டபிள்யூ. வண்டிகளையும் அவற்றின் பெட்டிகளையும் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு, உலகம் முழுவதும் அந்தத் தோற்றத்துக்கு ஆசை வந்தது. மங்கோலியாவின் சேற்றில் அந்தப் பாரமான வண்டிகளை நிமிர்த்தி நிமிர்த்தி அவர்கள் பட்ட பாடும் அதே படத்தில் இருக்கிறது. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கல்லும் மண்ணுமான பாதையில் மெதுவாகப் போகையில் நாம் காலை ஊன்றுவோம். அந்த நேரத்தில் கெட்டியான அலுமினியப் பெட்டி பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் இடிக்கும். வண்டி சாய்ந்தால் கால் அதன் அடியில் மாட்டும். கரடுமுரடான பாதைக்குப் போகிற பலர் துணிப்பையைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். எந்தப் பையானாலும் பாரம் தாழ்வாக, வண்டியின் நடுப்பக்கமாக இருக்கவேண்டும். பின்னால் ஏற்றிய சுமை முன்சக்கரத்தை லேசாக்கிவிடும். திருப்பினால் வண்டி கேட்காது.

மறுபடியும் டயருக்கு வருகிறேன், ஏனென்றால் தரையைத் தொடுவது அது ஒன்றுதான். இந்த வகை வண்டிகள் பலவற்றில் முன்சக்கரம் 21 அங்குலம் இருப்பது, பள்ளத்தையும் கல்லையும் சுலபமாக ஏறிக் கடக்க. கம்பிச் சக்கரம் அடி தாங்கி வளைந்து கொடுக்கும். ஆனால் கம்பி மாட்டும் துளை வழியே காற்று போய்விடும் என்பதால் உள்ளே டியூப் வேண்டும். 1987-இல் பி.எம்.டபிள்யூ. கம்பிகளை ரிம்மின் ஓரத்தில் மாட்டி, கம்பிச் சக்கரத்திலும் டியூப் இல்லாத டயர் போட வழி செய்தது. மணலில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மிதக்கும். ஆனால் குறைத்த காற்றோடு கல்லில் ஓட்டினால் ரிம் நசுங்கும். டயர் ரிம்மில் நழுவி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் 'ரிம் லாக்' என்ற பிடிப்பு. டக்கார் பந்தயத்துக்கு மிஷ்லேன், காற்றே இல்லாமல் உள்ளே நுரை ரப்பர் வளையம் வைத்த அமைப்பைக் கொடுத்தது. பெயர் 'மூஸ்'; பிரெஞ்சில் நுரை என்று பொருள். பஞ்சர் ஆகாது. ஆனால் தார்ச்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் சூடேறிக் கெட்டுப்போகும். பந்தயத்துக்கு உதவும், பயணத்துக்கு உதவாது.

கட்டை ரப்பர் டயரும் அப்படித்தான். சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தார்ச்சாலையில் இரையும், சீக்கிரம் தேயும், மழையில் பிரேக் போட்டால் பிடிப்பு குறையும். இங்கிருந்து லே வரை போகிற பாதையில் பெரும்பகுதி தார்ச்சாலை. கடைசியில் வரும் கொஞ்ச தூர மண்பாதைக்காக, மீதி முழுவதற்கும் பொருந்தாத டயரைப் போட்டுக்கொள்வது என்ன கணக்கு?

நம் பக்கத்து வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 2016-இல் வெளியிட்ட ஹிமாலயனில் முன் டயர் 90/90-21, பின் டயர் 120/90-17. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், மூன்றாவது ரிம்மின் அங்குலம். அதன் பக்கத்தில் சுமைக்கு ஓர் எண்ணும், வேகத்துக்கு ஓர் எழுத்தும் இருக்கும். 'எஸ்' என்றால் 180 கி.மீ., 'எச்' என்றால் 210. தனியாக நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பக்கத்தில் உள்ள அம்பு, சக்கரம் சுற்றும் திசை. கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் இவற்றைப் படித்துவிடவேண்டும். அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது.

1987 டக்காரில் ஒரியோல் கஜீவா வண்டியில் முன்னணியில் இருந்தார். பந்தயம் முடிய ஒரே நாள் பாக்கி. வழியில் மரக்கட்டையில் மோதி இரண்டு கணுக்காலும் முறிந்தன. அந்த நிலையிலும் அன்றைய எல்லைக்கோடு வரை ஓட்டி வந்தார், அதற்குமேல் முடியவில்லை. வெற்றி ஹோண்டாவில் வந்த நெவேக்குப் போனது. பந்தயத்தை ஆரம்பித்த சபீன் அதற்கு முந்தைய ஆண்டே, 1986 ஜனவரியில், மாலியில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோயிருந்தார். பாலைவனம் ஒருவருக்கும் சலுகை காட்டவில்லை.

ஆகவே உங்கள் பேரன் பட்டியலோடு வந்தால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதலில் உடம்புக்கு: நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை. அடுத்து, போகிற பாதைக்குப் பொருந்திய புது டயர். பிறகு அடித்தகடும் காப்பும். அதன்பின் துணிப்பை. விளக்கும் மற்றதும் பணம் மிஞ்சினால். டியூப் வண்டியானால் இரண்டு மாற்று டியூப், டயர் லீவர், கைப்பம்பு, ஒட்டுப்பசை கட்டாயம். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பஞ்சர் கடைக்குப் போகாமல், வீட்டு வாசலிலேயே பின் டயரைத் தன் கையால் ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டட்டும். அது முடிந்த பிறகு நீங்கள் நிம்மதியாக வழியனுப்பலாம்.