ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு வடிவமைப்பு ஓவியங்கள்

லண்டனின் கிழக்கே உள்ள ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் 18ஆம் நூற்றாண்டில் பூவேலைப் பட்டுக்குப் பெயர்பெற்றது. அதற்கு வடிவங்கள் வரைந்தவர்களில் முதன்மையானவர் ஆனா மரியா கார்த்வெயிட் (1688–1763). அவருடைய நீர்வண்ண ஓவியங்களில் 800-க்கும் மேற்பட்டவை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றை வெறும் மலர்ச் சித்திரங்களாக ரசிப்பது போதாது. அவை உற்பத்திக் கருவிகள். பலவற்றில் வாங்கியவரின் பெயரும் தேதியும் குறிக்கப்பட்டுள்ளன. புதுமையை ஓயாமல் கேட்ட சந்தையில், துணி நெய்யப்படும் முன்பே வடிவம் விலைபோனது.

துணியை உண்டாக்கியது தறிதானே, தாள் அல்லவே என்று கேட்கலாம். அதில் நியாயம் உண்டு. ஓவியத்தை அப்படியே நெய்ய முடியாது. கட்டம் போட்ட தாளுக்கு மாற்றி, ஒவ்வொரு ஊடைக்கும் எந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்று கணக்கிட்டு, அதன்படி தறியின் கயிறுகளைக் கட்ட வேண்டும். நாள் பிடிக்கும், செலவு மிக்க வேலை இது. ஆனால் அந்தச் செலவுதான் ஓவியத்தின் இடத்தை உயர்த்துகிறது. தறி பூட்டிய பின் வடிவத்தை மாற்றினால் நட்டம்; ஆகவே துணியின் அகலத்துக்குள் பூ அடங்குமா, மீண்டும் மீண்டும் வரும்போது பிசிறின்றி இணையுமா என்பதெல்லாம் தாளிலேயே தீர்மானமாக வேண்டியிருந்தது. நெசவு அறியாத ஓவியரால் இது ஆகாது.

1746இல் ராபர்ட் ஃபீக் வரைந்த உருவப்படத்தில், பிலடெல்பியாவின் ஆன் ஷிப்பன் வில்லிங் அணிந்திருப்பது கார்த்வெயிட் 1743இல் வடிவமைத்த டமாஸ்க் பட்டு. அதை நெய்வித்த சைமன் ஜூலின்ஸின் பெயரையும் நமக்குச் சொல்வது அந்த வடிவமைப்புத் தாளின் குறிப்பே.